மூன்று மஞ்சள் தையல்

என் அலமாரியில், வேட்டிகளுக்கும் கல்யாணத்துக்குப் பிறகு போட்டே பார்க்காத கோட்டுக்கும் நடுவில், ஒரு வெள்ளைத் துணி இருக்கிறது. கைக்குட்டையைவிடச் சற்றுப் பெரியது. மூன்றாக மடித்து இஸ்திரி போட்டது. ஒரு மூலையில் மஞ்சள் நூலால் மூன்று சின்னத் தையல். என் மனைவி முதலில் அதைப் பார்த்துக் குழம்புக் கறை என்று நினைத்து சோப்புப் போட்டுத் தேய்த்தாள். கறை இல்லை, மூன்று நெல்மணிகள். தைத்தவர் எங்கள் கோயிலில் கோயில்பிள்ளையாக இருந்தவர். பூசைக்கு மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, பீடத்துத் துணிகளைத் துவைத்து இஸ்திரி போடுவது, அப்பமும் திராட்சை இரசமும் எடுத்து வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. இந்த மூன்று நெல்மணிக்காக அவர் அந்த வேலையை இழந்தார். இழக்க வைத்தவன் நான். இதை இவ்வளவு நேராக எழுதிவிட்டேன் என்பதே எனக்கு ஆச்சரியம்தான். ஒரு வாக்கியத்தைச் சிரிப்பில் முடிக்காமல் விட்டால் எனக்கு அன்றிரவு சோறு இறங்காது.

நான் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பிறந்து, ஆஸ்டின் டவுனிலேயே தலை வழுக்கையானவன். பிழைப்பு ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில்; புகழ் கோயில் மைக்கில். பங்குத் திருவிழா, கிறிஸ்துமஸ் கலை நிகழ்ச்சி, வெள்ளிவிழாத் தம்பதிகளுக்குப் பாராட்டு, எதுவானாலும் மைக் என் கைக்கு வந்துவிடும். வந்தால் திரும்பிப் போகாது. "நிஜமாச் சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பித்தால் முன்வரிசைப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். அந்தக் கோயிலில் என் பேச்சுக்குச் சிரிக்காத ஒரே ஆள் கோயில்பிள்ளைதான். கோபமெல்லாம் இல்லை. கவனமாகக் கேட்பார். நான் சொல்லி முடித்து, மற்றவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகு, "அப்புறம் என்னாச்சு சார்?" என்பார். அவருக்கு நான் சொல்வதெல்லாம் பாதியில் நின்ற கதைகள். "அப்புறம் ஒண்ணுமில்ல, அவ்ளோதான்" என்பேன். "ஓ" என்று சொல்லிவிட்டுப் போய் மெழுகுவத்தியைச் சுரண்டுவார். ஒரு கலைஞனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா என்று வீட்டில் வந்து புலம்புவேன்.

நாற்பத்தெட்டாவது வயதில் எனக்குச் சீலியாக் என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் ஆறு வருடம் வயிறு வீங்கும், இளைப்பேன், இரத்தம் குறையும், படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆபீசில் எனக்குக் குடிப்பழக்கம் என்றார்கள். வீட்டில் எனக்குச் சோம்பேறித்தனம் என்றார்கள். இரண்டையும் மறுக்க எனக்குத் தெம்பில்லை. கடைசியில் வாய் வழியாகக் குழாய் விட்டு, குடலில் ஒரு துணுக்கைக் கிள்ளிப் பார்த்து, கோதுமையில் இருக்கும் ஒரு சத்து என் உடம்புக்குப் பகை என்று டாக்டரம்மா சொன்னார். மருந்து கிடையாது. கோதுமையை விடுவதுதான் மருந்து, ஆயுசுக்கும். கேட்டதும் எனக்குச் சந்தோஷம். நாம்தான் சோற்று ஆட்களாயிற்றே, சப்பாத்தி போனால் போகட்டும் என்று தைரியமாகத் தலையாட்டினேன். வெளியே வந்த பிறகுதான் கோதுமை எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தது. ரவை அது. மைதா அது. சேமியா அது. பேக்கரியில் நின்று தின்னும் காரா பன்னும் பஃப்ஸும் சொல்லவே வேண்டாம். கேழ்வரகு நல்லது என்று அரைத்து வந்தால், அதே மில்லில் அதற்கு முன் கோதுமை அரைத்திருப்பார்கள். இரசத்தில் என்ன இருக்கப் போகிறது என்று குடித்து இரண்டு நாள் படுத்தேன். பெருங்காயத்தில் மைதா கலந்து கட்டி பண்ணுகிறார்களாம். டப்பாவின் பின்பக்கம், எறும்பு எழுதியதுபோல் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. கிறிஸ்துமஸுக்குத் தெருவே உட்கார்ந்து மைதா மாவில் குல்குல் உருட்டியபோது நான் மொட்டை மாடியில் தனியாக நின்று நட்சத்திரம் கட்டினேன். அந்த வருடம் எங்கள் வீட்டு நட்சத்திரம்தான் தெருவிலேயே நேராக நின்றது.

இதையெல்லாம் நகைச்சுவையாக்கி ஊர் முழுக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. "இது இரத்த உறவுல வரலாம், உங்க பொண்ணையும் டெஸ்ட் பண்ணிப் பாத்துடுங்க" என்று டாக்டரம்மா சொன்னார். நான் பண்ணவில்லை. காகிதத்தில் ஏறினால் சம்பந்தம் பேசுகிற வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று பயம். ஒரு அப்பன் மகளின் உடம்பைவிட அவள் கல்யாணப் பத்திரிகையைப் பெரிதாக நினைத்தான் என்று எழுத இப்போதும் கை கூசுகிறது. ஆக, வீட்டில் மனைவிக்கும் மகளுக்கும் மட்டும் தெரிந்த இரகசியமாக அதை வைத்துக்கொண்டேன். வெளியே கேட்டால் அல்சர் என்றேன். அல்சருக்கு ஊரில் நல்ல மரியாதை இருந்தது.

எல்லா இடத்திலும் அல்சர் செல்லுபடியானது, கோயிலைத் தவிர. பூசையில் ஆண்டவரின் உடல் என்று நம்பி வாங்குகிற அப்பம், நாங்கள் நன்மை என்பது, கோதுமை. கோதுமையாகத்தான் இருக்க வேண்டும். அது சபைச் சட்டம். காகிதம்போல் மெலிதான வட்டம்தான் என்றாலும் எனக்கு அதுவும் விஷம். வாங்காமல் இருக்கலாமே என்றால், எங்கள் ஜனத்தைத் தெரியாதவர்கள் அப்படிக் கேட்கலாம். நன்மை வாங்க வரிசையில் போகாதவனை எங்கள் கோயில் எப்படிப் பார்க்கும் தெரியுமா? முதல் வாரம் விரதம் முறித்துக் காபி குடித்துவிட்டு வந்திருப்பான் என்பார்கள். இரண்டாம் வாரம் வீட்டில் சண்டை. மூன்றாம் வாரம் சாவான பாவத்தில் இருக்கிறான், பொம்பளை விஷயமாக இருக்கும் என்று முடிவு கட்டிவிடுவார்கள். நான்காம் வாரம் அந்தப் பொம்பளைக்கு ஒரு பெயரும் வைத்துவிடுவார்கள். மாப்பிள்ளை தேடுகிற வீட்டுக்கு இது தாங்குமா?

அதனால் வரிசையில் போனேன். முதல் சில மாதம் துணிந்து விழுங்கினேன். டாக்டரம்மா இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "நீங்க எங்கயோ தின்னுட்டிருக்கீங்க" என்று பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல் என்னைத் திட்டினார். அதன் பிறகு செய்ததுதான் அசிங்கம். அப்பத்தைக் கையில் வாங்கி, வாயில் போடுவதுபோல் கையை உயர்த்தி, தாவணி மறைவில் மிட்டாய் திருடும் பிள்ளையின் சாமர்த்தியத்தோடு கைக்குட்டைக்குள் சுருட்டிப் பாக்கெட்டில் வைத்தேன். வீட்டுக்குப் போய் பைபிளுக்குள் வைத்தேன். எதை எதில் வைக்கிறோம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆண்டவரைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு டிராஃபிக்கில் ஸ்கூட்டர் ஓட்டியவன் நான் ஒருவனாகத்தான் இருக்கும். மூன்று ஞாயிறு இப்படி. நான்காம் ஞாயிறு, கோயில் முற்றத்தில் மாதா சிலை இருக்கும் கெபியின் பக்கத்தில் என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

"சார், பாக்கெட்ல என்ன?"

கோயில்பிள்ளை. அப்பம் வாங்குகிறவன் கையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்பது அவர் வேலையின் சட்டம். நான் சிரித்தேன். "சில்லறை" என்றேன். அவர் கையை எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல், இரண்டு நிமிஷத்தில், குடலில் கிள்ளிய துணுக்கிலிருந்து மகள் சம்பந்தம்வரை எல்லாவற்றையும் சொன்னேன். பாதியிலேயே அவர் முகம் மாறிவிட்டது. "அப்புறம்?" என்றார்.

"அப்புறம் என்ன, வீட்ல பைபிள்ல இன்னும் மூணு இருக்கு."

வீட்டுக்குப் போய் எடுத்துவரச் சொன்னார். எல்லாவற்றையும் தண்ணீரில் கரையவிட்டு, கெபிக்குப் பின்னால் யாரும் மிதிக்காத மண்ணில் ஊற்றி, முழங்காலில் இருந்து கொஞ்ச நேரம் ஏதோ முணுமுணுத்தார். பிறகு என்னைப் பங்குத்தந்தையிடம் அழைத்துப்போனார். அப்போதிருந்தவர் வயதானவர், இளகிய மனசு. "அரிசி அப்பம் செஞ்சா ஆகாதா ஃபாதர்?" என்று கேட்டேன். "கடைசி இராவுணவு தஞ்சாவூர்ல நடந்திருந்தா ஆகும்பா" என்றார். கோதுமைச் சத்தை அநேகமாக எடுத்துவிட்ட அப்பம் உண்டு, வரவழைக்கலாம் என்றார். அநேகமாக என்ற சொல்லுக்கே என் குடல் பயந்தது. அப்படியானால் திராட்சை இரசம் மட்டும் வாங்கிக்கொள்ளலாம், அதிலும் நன்மை முழுதாக இருக்கிறது என்றார். ஆனால் பெரிய கிண்ணத்தில் அவர் அப்பத்தைப் பிட்டுப் போடுவார். எனவே எனக்கென்று தனிக் கிண்ணம் வேண்டும். நோயாளிகள் வீட்டுக்கு எடுத்துப்போகிற பெட்டியிலிருந்து முட்டை அளவு ஒரு வெள்ளிக் கிண்ணத்தைக் கோயில்பிள்ளை தேடி எடுத்தார். எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது.

"யாருக்கும் தெரியக் கூடாது அண்ணே. என் பேரு வெளிய வரக் கூடாது."

"வராது சார்" என்றார். "நான் சொல்ல மாட்டேன்."

அடுத்த ஞாயிறு அந்தத் துணி வந்தது. கிண்ணம் துடைக்கிற துணிகளில் அப்பத் தூள் ஒட்டியிருக்கும். அவற்றோடு என்னுடையது கலந்துவிடக் கூடாது என்று, புதுத் துணி வெட்டி, ஓரம் அடித்து, மூலையில் மூன்று நெல்மணி தைத்திருந்தார். கோயிலுக்கு வருவதற்கு முன் ஒரு யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனியில் மிஷின் போட்டவர் அவர். "செலுவை போட்டா மத்த துணியோட சேந்துடும். பேர் போட முடியாது. நீங்க நெல்லுக்காரர்தானே" என்றார். அவர் சொன்னதில் ஒரு நகைச்சுவைக்கு மிக அருகில் வந்தது அதுதான்.

ஏறக்குறைய ஒரு வருடம் இப்படி நடந்தது. நன்மை வாங்கும் நேரத்தில் நான் மைக் வயரைச் சரிசெய்கிறவனாக ஓரத்தில் குனிந்திருப்பேன். பூசை முடிந்ததும் மைக்கை எடுத்து வைக்கும் சாக்கில் பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சாக்ரிஸ்டி அறைக்குள் போவேன். மூடி வைத்த சின்னக் கிண்ணத்தை அவர் இரண்டு கையாலும் நீட்டுவார். ஒரு மடக்கு. பிறகு கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சுழற்றி அதையும் குடிப்பேன். அவர் துணியைக் கொடுப்பார், துடைப்பேன். அந்த ஒரு வருடத்தில் அவர் ஒரு ஞாயிறுகூட மறக்கவில்லை. காய்ச்சலோடு வந்த ஒரு நாள், தம் கையில் அப்பத் தூள் இருக்கக் கூடாது என்று மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கிண்ணத்தைத் தொட்டார். எனக்கு வயிறு தேறியது. கன்னத்தில் சதை வந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் முன் நிற்கிற அளவுக்கு ஆளானேன்.

மர்பி டவுனிலிருந்து சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம். பையன் சாஃப்ட்வேர், அவன் அப்பா ரிட்டையர்டு வாத்தியார். ஒரு ஞாயிறு எங்கள் கோயிலுக்கே பூசைக்கு வந்து, பிறகு வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. நான் சாக்ரிஸ்டியிலிருந்து உதட்டைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறேன், வாசலில் பையனின் அப்பா, கூடவே எங்கள் கோயில் நிர்வாகம் பார்க்கிற பங்குப் பேரவை ஆட்கள் இரண்டு பேர். திராட்சை இரசத்தின் வாசனை வந்திருக்க வேண்டும்.

"என்னங்க, உள்ள என்ன விசேஷம்? கமகமன்னு இருக்கு" என்றார் வாத்தியார் விளையாட்டாக.

ஒரு மனிதன் உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. என் வாய் எனக்கு முன்னால் போயிற்று. "எங்க கோயில்பிள்ளை ரொம்பத் தாராளம். மிச்சமிருந்தா ஒரு மடக்கு, மிச்சமில்லன்னா ரெண்டு மடக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார் என் தோளில் தட்டினார். சம்பந்தம் பாதி முடிந்ததுபோல் இருந்தது. உள்ளே கோயில்பிள்ளை என் கிண்ணத்தைக் கழுவுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்துதான் இருந்தது.

அந்த வேடிக்கை என்னைவிட வேகமாக ஊர் சுற்றியது. அதற்குள் பழைய பங்குத்தந்தைக்கு மாற்றல் வந்து, புதியவர் பொறுப்பேற்றார். இளையவர், ஒழுங்கில் கண்டிப்பு. முதல் ஞாயிறே பீடத்தில் ஒரு கிண்ணம் அதிகம் இருக்கிறதே என்று எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். அன்று எனக்கு நன்மை இல்லை. பூசைக்குப் பிறகு இதென்ன என்று கேட்டதற்கு, ஒரு நோயாளிக்காக என்று கோயில்பிள்ளை சொல்லியிருக்கிறார். யார் என்றால் பதில் இல்லை. அதே வாரம் பேரவை ஆட்கள் புது ஃபாதர் காதில் என் வேடிக்கையைப் போட்டார்கள். கோயில்பிள்ளை எனக்குப் போன் செய்து, சொல்லட்டுமா என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், அவர் பேசியிருக்கலாம். அவர் கேட்கவில்லை. நானும் போன் செய்யவில்லை.

அடுத்த ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் பேரவைக் கூட்டம். நானும் உறுப்பினன். நீள மேஜை, பிளாஸ்டிக் நாற்காலிகள், தட்டில் எல்லோருக்கும் சமோசா. கோயில்பிள்ளை மேஜையின் கடைசியில் நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"யாருக்குன்னு சொல்லிட்டா முடிஞ்சுதே" என்றார் ஃபாதர். குரலில் கடுமை இல்லை, நியாயமாகத்தான் கேட்டார்.

"ஒரு நோயாளி ஃபாதர். பேர் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"என்ன நோய்?"

அவர் யோசித்தார். நோயின் பெயரைச் சொன்னாலும் ஆளைப் பிடித்துவிடுவார்கள் என்று தோன்றியிருக்க வேண்டும். "அதையும் சொல்லக் கூடாதுங்க" என்றார். என்னைப் பார்க்கவில்லை. அறையில் இருந்த பதினோரு பேரில் அவர் பார்க்காமல் இருந்த ஒரே ஆள் நான்தான். அது கவனமாகச் செய்த காரியம். பார்த்திருந்தால் தெரிந்துவிடும் என்று பார்க்கவில்லை.

எனக்கு மௌனம் தாங்காது. பிறவிக் கோளாறு. அதோடு எதிரில் சமோசா, பக்கத்தில் இருந்தவர் "எடுத்துக்கோங்க, ஏன் தொடவே இல்ல?" என்று தட்டை என் பக்கம் தள்ளினார். எல்லோர் கண்ணும் என் மேல் திரும்பியதுபோல் இருந்தது. பயத்தில் வாய் திறந்தேன்.

"அந்த நோய்க்குப் பேரு தாகமா இருக்கும் ஃபாதர்."

பேரவை சிரித்தது. ஃபாதரும் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார். அந்தச் சிரிப்போடு விசாரணை முடிந்துவிட்டது. பழைய ஃபாதரைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கேட்க என்ன மிச்சம் இருந்தது? சிரித்து முடித்த விஷயத்தை யாரும் திரும்ப எடுப்பதில்லை. கோயில்பிள்ளை சிரிப்பு ஓயும்வரை காத்திருந்தார். "அப்புறம்?" என்று கேட்பார் என்று ஒரு நொடி எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, சத்தம் வராமல் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. பிறகு அறிக்கையில் அவர் ஓய்வு கேட்டதாக எழுதினார்கள். மைக்கில் அதை வாசித்தவன் நான்.

கல்யாணம் நடந்தது. நான்தான் அன்றும் மைக். மறுவாரம் மர்பி டவுனில் சம்பந்தி வீட்டில் விருந்து. எதைத் தொடலாம், எதைத் தவிர்க்கலாம், எதற்கு அல்சரைக் கூப்பிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இலையில் உட்கார்ந்தேன். சம்பந்தியம்மா இடியாப்பத்தை வைத்துக்கொண்டே சொன்னார்:

"பயப்படாம சாப்பிடுங்க அண்ணே. எல்லாம் அரிசி மாவு, வீட்லயே இடிச்சது. இரசத்துக்குப் பெருங்காயம்கூடப் போடல. உங்க பொண்ணு மொத நாளே சொல்லிடுச்சே."

என் கை இலையில் நின்றது. மகள் குனிந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பையனைக் காபிக் கடையில் முதல்தடவை சந்தித்த அன்றே, அப்பாவுக்குச் சீலியாக், நானே போய் டெஸ்ட் பண்ணிப் பார்த்துவிட்டேன், எனக்கு இப்போதைக்கு இல்லை, பின்னாலும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவன் "சரி, அப்ப பிரியாணியே போதும்" என்றிருக்கிறான். அவ்வளவுதான். கோயில் வாசலில் வாத்தியார் விளையாட்டாகக் கேட்டபோதே அவர்களுக்கு எல்லாம் தெரியும். நான் யாரிடமிருந்து எதை மறைப்பதற்காக ஒரு மனிதனைப் பலி கொடுத்தேனோ, அது முன்கூட்டியே அவர்கள் அடுப்படிவரை போய்விட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் முதன்முறையாக முழுதும் சொன்னேன். அவள் சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்துவிட்டு, "உங்க உடம்புக்குக் கோதுமைதான் ஆகாதுன்னு நெனச்சேன்" என்றாள். "உண்மையும் ஆகாது போல."

பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். எங்கள் கோயிலில் இல்லை, ஊரின் மறுமூலையில் எனக்குத் தெரியாத ஒரு கோயிலில், தெரியாத சாமியாரிடம், ஆங்கிலத்தில். தமிழில் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆங்கிலத்தில் வேறு யாரோ செய்ததுபோல் இருந்தது. அவர் ஏதோ ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். பாரம் இறங்கவில்லை. ஒன்றரை வருடம் கழித்துத்தான் கோயில்பிள்ளையைத் தேடி அடுகோடிக்குப் போக எனக்குக் கால் வந்தது.

அடுகோடியில், லேத் பட்டறைகள் நிறைந்த ஒரு சந்தில், ஒரு இஸ்திரிக் கடையில் இருந்தார். இளைத்திருந்தார். "வாங்க சார்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ சொன்னார், பையனிடம் "பிஸ்கட் வேணாம்" என்று சேர்த்துச் சொன்னார். எனக்கு அங்கேயே எழுந்து போய்விடலாம் போலிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். வாசலில் சொன்னது, கூட்டத்தில் சொன்னது, அறிக்கை வாசித்தது, சம்பந்தி வீட்டு இரசம். இந்தத் தடவை எந்த வாக்கியத்தையும் சிரிப்பில் முடிக்கவில்லை. அவர் சட்டைக் காலரை இழுத்து இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும், அதே பழைய குரலில், "அப்புறம்?" என்றார்.

"அப்புறம்... அவ்ளோதான் அண்ணே. மன்னிச்சுக்கோங்க."

"இதெல்லாம் எனக்குத் தெரியுமே சார்" என்றார். "தெரியாதவங்க கோயில்லதானே இருக்காங்க."

பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவர்போல, "இப்ப எப்டி வாங்குறீங்க?" என்றார்.

"வாங்குறதில்ல. அன்னையிலருந்து வாங்கல. மைக் வயர்தான்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அன்றுதான் அவருக்குக் கோபம் வந்து பார்த்தேன். "அப்ப நான் வாயை மூடிட்டிருந்தது எதுக்கு சார்?" என்றார். "நீங்க நிம்மதியா வாங்குவீங்கன்னுதானே? அதுவும் இல்லன்னா, எதுக்கு?" அவர் உள்ளே போய் ஒரு துணியை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். மூன்று மஞ்சள் தையல். மடிப்புப் புதிதாக இருந்தது. "கோயில் சாமான் இல்ல, என் துணிதான். சும்னே கெடந்தா பழுப்பேறிடும்னு மாசம் ஒருவாட்டி தொவச்சுப் போடுவேன். எடுத்துட்டுப் போங்க."

அடுத்த ஞாயிறு பூசை முடிவில் அறிவிப்புகள் வாசிக்க எழுந்தேன். ஜெபக் கூட்டம், இரத்ததான முகாம், கூரை பழுதுபார்ப்பு. கடைசியில், "இன்னொண்ணு சொல்லணும்" என்றேன். "சாக்ரிஸ்டியில திராட்சை இரசம் குடிச்ச திருடன் நான்தான்." கோயில் சிரித்தது. "நிஜமாச் சொல்றேன், கேளுங்க" என்றேன். இன்னும் சிரித்தார்கள். முன்வரிசையில் முந்தானைகள் வாய்க்குப் போயின. முப்பது வருடமாக நானே பழக்கிய சிரிப்பு அது. என்னால் நிறுத்த முடியவில்லை. எனக்குக் கோதுமை ஆகாது என்றேன், சிரித்தார்கள். அப்பத்தைப் பாக்கெட்டில் வைத்தேன் என்றேன், யாரோ கைதட்டினார்கள். பாக்கெட்டிலிருந்து அந்தத் துணியை எடுத்துப் பிரித்துக் காட்டினேன். அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. மைக் முன்னால் நான் பேச்சில்லாமல் நின்றதை அவர்கள் பார்த்ததே இல்லை. சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக நின்றது. முதலில் மாறியது ஃபாதர் முகம்தான்.

அன்று மத்தியானமே ஃபாதர் என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி அடுகோடிக்கு வந்தார். "நானும் சிரிச்சேன்" என்றார் அவரிடம், சுற்றி வளைக்காமல். சாவிக்கொத்தை நீட்டினார். கோயில்பிள்ளை எங்கள் இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, "இங்க வேல ஒத்து வந்துடுச்சு ஃபாதர், வாடிக்கையும் புடிச்சுட்டேன், பேஜார் இல்ல" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். சாவியைத் தொடவில்லை. பூசைக்கு இப்போது அடுகோடிப் பக்கத்துக் கோயிலுக்குத்தான் போகிறார்.

இப்போது என் கிண்ணத்தை நானே தயார் செய்கிறேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, தனிக் குடுவையில் தண்ணீர், தனித் தட்டு, தனி மூடி, துடைத்த துணியைத் தனியாக அலசுவது. ஞாயிறுதோறும் எனக்கு இருபது நிமிஷம் ஆகிறது. அவர் எப்போது செய்தார் என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. நான் வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். நன்மைக்கு நான்தான் முதல் ஆள், எல்லோரும் பார்க்க. என் அறிவிப்புக்கு இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "அங்கிள், இவளுக்கும் அதே டிசீஸ்தான்" என்றாள். அந்தப் பிள்ளை ஒரு வருடமாக நன்மை நேரத்தில் பெஞ்சியில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. நான் வயருக்குப் பின்னால் குனிந்திருந்ததால் பார்க்கவில்லை. இப்போது சின்னக் கிண்ணத்துக்கு நாங்கள் இரண்டு பேர்.

துணியை நானே துவைத்து மொட்டை மாடியில் காயப்போடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் இதென்ன மஞ்சள் என்று கேட்கும்போது ஒரு வேடிக்கை நுனி நாக்கில் வந்து நிற்கும். விழுங்கிவிட்டு, எனக்குக் கோதுமை ஆகாது, அதற்காக ஒருவர் தைத்துக் கொடுத்தது என்பேன். யார் என்பார்கள். அவர் பெயரைச் சொல்வேன், பிறகு முழுக் கதையையும்.

இதை எழுதலாமா என்று கேட்கப் போன மாதம் அடுகோடிக்குப் போனேன். "எழுதுங்க சார். என் பேரு வேணாம்" என்றார். "வராது அண்ணே, நான் சொல்ல மாட்டேன்" என்றேன். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தைகள் யாருடையவை என்று உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்கும், சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தார். ஆகவே இதில் அவர் பெயர் இல்லை. என் பெயரைக் காப்பாற்ற அவர் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தார். அவர் பெயரைக் காப்பாற்ற நான் ஒன்றையும் வைக்க வேண்டியிருக்கவில்லை, ஒரு சொல்லை எழுதாமல் விட்டால் போதுமாயிருந்தது. துணியை மூன்றாக மடித்து, நெல்மணி மேலே தெரிகிறமாதிரி அலமாரியில் வைத்திருக்கிறேன். என் மடிப்பு அவர் மடிப்பைப்போல் நிற்பதில்லை.